சலுகை நாள்

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவிலும், திருச்சுழிப் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளியிலும், சோற்றை விட்டுச் சர்க்கரையை இறக்கிய வாத்தியார் என்று எனக்கொரு பெயர் உண்டு. முதல் வருடம் அந்தப் பெயருக்கு நான் தகுதியாகத்தான் இருந்தேன். அதற்குப் பிறகு வெகுகாலம் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவே பொய் சொன்னேன். மனைவியிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், என்னை நம்பி அரிசியைக் குறைத்த பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடமும் சொன்னேன். அவருக்கு அதனால் கெடுதல் நடந்தது. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

சர்க்கரை தெரியவந்தபோது, சில மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் ஹெச்பிஏ1சி எனக்கு 9.4. அப்போது தமிழில் மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறை பற்றிய பேச்சு பலமாக இருந்தது. நியாண்டர் செல்வன் எழுதிய ‘பேலியோ டயட்’ புத்தகம் கிழக்கு பதிப்பகத்தில் வந்திருந்தது. ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ முகநூல் குழுவில் ஜனங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் போட்டு உணவுப் பட்டியல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நூறு பாதாம், முட்டை, வெண்ணெய், ஆட்டுக்கறி, காலிஃப்ளவர் சாதம், நாளுக்கு 40 கிராம் மாவுச்சத்துக்குள் அடக்கம். டாக்டரிடம் கேட்டுத்தான் ஆரம்பித்தேன். அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, மாதம் தவறாமல் வரச் சொன்னார். வருடம் முடிவதற்குள் 6.3க்கு வந்தது. எடையும் இறங்கிச் சட்டையெல்லாம் தொளதொளவென்றாகிவிட்டது.

ஐசிஎம்ஆர்–இண்டியாப் (ICMR–INDIAB) ஆய்வு 2023ல் வெளியானபோது தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14.4 பேருக்குச் சர்க்கரை என்று வந்தது. அதே ஆய்வின் இன்னொரு பகுதி, இந்தியர் தின்பதில் 62 சதவீத ஆற்றல் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025ல் சொன்னது. என் ஒருவன் கதையாக இருந்தால் இவ்வளவு நீட்டி எழுத வேண்டியதில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இந்தப் பாடுபடுகிறார்.

சோறு எங்கள் பக்கத்தில் என்னவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இது மானாவாரிப் பூமி. கரிசலில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும்தான் விளைந்தன. நெல்லுச்சோறு நாள் கிழமைக்கு வரும். எங்கள் வீட்டில் தீபாவளி, பொங்கல், சாமி கும்பிடு, விருந்தாளி வந்தால் ஒரு உலை. 1977ல் அருப்புக்கோட்டையில் ஜெயித்துத்தான் எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனார். 1982 ஜூலையில் அவர் சத்துணவைத் தொடங்கியபோது நான் தொடக்கப்பள்ளி மாணவன். தட்டில் ஆவி பறக்கச் சோறு விழுந்து, அதன் மேல் சாம்பார் ஊற்றியபோது எங்கள் வகுப்பே சத்தமில்லாமல் தின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசமாகவே வந்தது. பசித்த பூமிக்கு அது செய்த உபகாரத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ‘அந்தக் காலத்தில் கம்பு தின்றார்கள், சர்க்கரை வரவில்லை’ என்று மேடையில் முழங்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 100 கிராம் கம்பிலும் 60 கிராமுக்குமேல் மாவுச்சத்துதான். அன்றைக்கு வெயிலில் களை வெட்டினார்கள், பாதி நாள் அரைவயிறு. அந்த அரைவயிற்றை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. ஆனால் விருந்துக்கு ஒரு நாள் இருந்தது. அந்த நாள் ஊருக்கே தெரிந்திருந்தது. நான் கைவிட்டது அதைத்தான்.

முதல் வருடப் பங்குனிப் பொங்கலுக்கு நான் செய்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைக்கிற நாள். அதைச் சலுகை நாள் என்று ஒரு வாரம் முன்பே வீட்டில் சொல்லிவிட்டேன்: மத்தியானம் கறிக்குழம்போடு ஒரு தட்டுச் சோறு, சாயங்காலம் திருவிழாக் கடையில் கருப்பட்டி மிட்டாய் ஒரு சுற்று. டாக்டரிடமும் சொன்னேன். “சாப்பிடுங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாத்து எழுதுங்க, அடுத்த வேளை பழைய சாப்பாட்டுக்கு வந்துருங்க” என்றார்.

அந்தக் கருப்பட்டி மிட்டாயை நான் நின்று பார்த்தேன். மாவைத் துணியில் கட்டி, ஓட்டை வழியாகப் பிழிந்து, காய்கிற எண்ணெயில் வட்டம் வட்டமாகச் சுற்றுகிறார் மாஸ்டர். வெந்ததைக் கம்பியால் தூக்கி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்ட கருப்பட்டிப் பாகில் அமுக்குகிறார். எடுத்து வைத்த ஒரு நிமிடத்தில் மேல்தோல் இறுகிவிடுகிறது. கடித்தால் உள்ளே பாகு நிற்கிறது. அம்மா என் பக்கத்தில் நின்று என் கையில் ஒரு சுற்றை வைத்தாள். “தின்னுய்யா. நாளு கெழமைக்குத் திங்கிறதுல ஒண்ணுமில்ல” என்றாள். தின்றேன். எந்த உறுத்தலும் இல்லை. இரவு சர்க்கரை பார்க்கும் மெஷினில் 214 காட்டியது, நோட்டில் எழுதினேன். மறுநாள் காலை முட்டையும் கீரையும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை ஏமாற்றியது. மறுநாள் எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. பதறிப்போனேன். மூன்றாம் நாளே அது இறங்கிவிட்டது. இதன் காரணம் சிக்கலானதில்லை. உடம்பு ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கும். ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். பேலியோவில் அந்த இருப்பு வற்றிக் கிடக்கும். ஒரு விருந்து தின்றால் இருப்பு ஏறும், தண்ணீர் ஏறும், தராசு ஏறும். விட்டால் எல்லாம் இறங்கும். கூடியது கொழுப்பு இல்லை, இறங்கியதும் கொழுப்பு இல்லை. நான் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். தின்றாலும் மூன்று நாளில் சரியாகிவிடுகிறதே, அப்படியென்றால் உடம்பு தாங்குகிறது என்று முடிவு கட்டினேன்.

ஐப்பசி மழையில் ஒரு வியாழக்கிழமை பஸ் வரவில்லை. திருச்சுழியில் ஒரு பரோட்டாக் கடையில் ஒதுங்கினேன். எங்கள் மாவட்டத்து எண்ணெய்ப் பரோட்டாவைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்லின் நடுவே குழி; அதில் எண்ணெய் நிற்கும்; வீசி மடித்துச் சுருட்டிய மாவை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி அந்த எண்ணெயில் மிதக்க விடுவார்கள். பொன்னிறமானதும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடித்தால் ஏடு ஏடாகப் பிரியும். பிய்த்துப்போட்டுச் சால்னாவை ஊற்றினால் அடி ஏடு ஊறும், மேல் ஏடு மொறுமொறுவென்றே நிற்கும். நான்கு தின்றேன். நாற்பது கிராம் கணக்குப் பார்க்கிறவனுக்கு ஒரு பரோட்டாவே ஒரு நாள் கணக்கை ஏறக்குறைய முடித்துவிடும்.

அன்றைக்கு அதை யாரிடமும் சொல்லவில்லை. சலுகை நாளை முன்கூட்டியே எடுத்துக்கொண்டேன், தீபாவளிக்குக் கழித்துக்கொள்வேன் என்று எனக்குள் சொன்னேன். தீபாவளிக்குக் கழிக்கவில்லை. பிறகு ஒரு கல்யாண வீடு, ஒரு காதுகுத்து, பள்ளியில் ஒருவர் பணி ஓய்வு விருந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் கிடைத்தது. நியாயம் எதுவும் கிடைக்காத வியாழக்கிழமைகளிலும் அந்தக் கடையில் சுவரைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தேன். சாப்பிட்டுவிட்டு மீசையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சோம்பை மென்றேன். வீட்டுக்கு வந்து, மனைவி ஆவியில் வேகவைத்துத் தாளித்த காலிஃப்ளவரைப் பசி இல்லாமல் தின்றேன்.

அவள் எனக்காக என்னென்ன விட்டிருந்தாள் என்பதை அப்போது நினைக்கவே இல்லை. பணியாரக் கல்லைப் பரணில் ஏற்றிவிட்டாள். நான் பார்த்து ஆசைப்படக் கூடாதென்று தன் சோற்றை அடுப்படிக்குள்ளேயே நின்று தின்றுவிடுவாள். ஒரு நாள் நோட்டை எடுத்துப் பார்த்து, “இந்த மாசம் பூராவும் நல்லாருக்குங்க” என்று சந்தோஷப்பட்டாள். பரோட்டா தின்ற இரவில் மெஷின் 268 காட்டியிருந்தது. அதை நான் எழுதவில்லை. நல்ல காலைகளை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன்.

இன்னொன்றும் செய்தேன். விருந்துக்குப் போகும்போது மாத்திரையைக் கூட ஒன்று போட்டுக்கொண்டேன். இது எங்கள் பக்கத்தில் பலர் செய்வதுதான். பாயசத்துக்கு ஒரு மாத்திரை என்று பந்தியிலேயே எடுத்துப் போடுவார்கள். படித்தவன், பாடம் நடத்துகிறவன், நானும் அதையே செய்தேன். ஒரு நள்ளிரவில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி எழுந்து, சமையலறையில் சீனி டப்பாவைத் தடவித் தேடினேன். காலையில் மனைவியிடம் வயிற்றுக் கோளாறு என்றேன்.

அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். விசைத்தறியில் நின்று நின்றே காலம் கழித்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவார். என் எடை இறங்கியதைப் பார்த்து, தானும் இட்லியை இரண்டாகக் குறைத்து, மத்தியானச் சோற்றைப் பாதியாக்கி, முட்டையும் சுண்டலும் சேர்த்துக்கொண்டார். பாதாமெல்லாம் அவருக்குக் கட்டுப்படியாகாது, வறுத்த நிலக்கடலை. அவருக்கும் சர்க்கரை இறங்கியது. சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து கணக்குச் சொல்லுவார்.

ஒரு சனிக்கிழமை கேட்டார்: “சார், வர்ற வாரம் மக வளைகாப்பு. புளிச்சோறு, தேங்காச்சோறு, எலுமிச்சைன்னு ஏழு வகை கிண்டுறோம். எல்லாத்துலயும் ஒரு வாய் எடுத்துக்கிடவா? மறுநாள்லேர்ந்து சரியா இருந்துக்கிடுவேன்.”

இதைவிட ஒழுங்காக ஒருவர் கேட்க முடியாது. நாள் சொன்னார், அளவு சொன்னார், காரணம் சொன்னார், முன்கூட்டியே வந்து கேட்டார். சரி என்று சொல்வதுதான் முறை. நான் சொன்னது: “ஒரு வாயிலதான் எல்லாம் ஆரம்பிக்கும் அண்ணாச்சி. மனசு வைக்கணும். நான் எப்படி இருக்கேன்?”

அந்த வாரத்து வியாழக்கிழமைதான் நான் நான்கு பரோட்டா தின்றிருந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். என் கையில் என் வாய் இல்லை என்பது எனக்குத் தெரிந்துபோயிருந்தது. அவருக்கு ஒரு வாய் அனுமதித்தால், ஒரு வாயோடு அவர் எழுந்துவிட்டால், நான் யார் என்று எனக்கே தெரிந்துவிடும். அந்தப் பயத்தில்தான் அவரிடம் கறாராக இருந்தேன். இதற்குமேல் எனக்குச் சாதகமாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

வளைகாப்பன்று அவர் முதலில் ஒன்றுமே தொடவில்லையாம். பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு, பாத்திரத்தில் மிஞ்சியிருந்ததைப் பின்கட்டில் உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டார். தன்னால் முடியாது என்று முடிவு செய்து சோற்றுக்குத் திரும்பியவர், அதே வெறுப்பில் மாத்திரையையும் விட்டுவிட்டார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலப் பெண் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வாராம், போட மாட்டாராம். குதிங்கால் பித்தவெடிப்பு புண்ணாகி, புண் விரல் பக்கம் பரவி, கடைசியில் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. உணர்ச்சி மரத்த காலில் வலி தெரியாது. அவருக்கும் நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

கட்டுப்போட்ட காலோடு அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அதே வாரம் என் ரத்தப் பரிசோதனை வந்தது. ஹெச்பிஏ1சி 8.8. டாக்டர் நோட்டையும் தாளையும் அருகருகே வைத்தார். “சார், நோட்டு ஒண்ணு சொல்லுது, ரத்தம் ஒண்ணு சொல்லுது” என்றார். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும். அது ஓடித் திரிந்த காலத்தில் ரத்தத்தில் இருந்த சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும். வியாழக்கிழமைகளை நான் எழுதாவிட்டாலும் அதில் பதிந்திருந்தது. அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். இரவில் மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. “நானே செஞ்சு தந்திருப்பேனே” என்று மட்டும் சொன்னாள்.

அண்ணாச்சியிடம் சொல்லத்தான் நாளாயிற்று. போய்த் திண்ணையில் உட்கார்ந்து, வியாழக்கிழமையையும் வளைகாப்பையும் சேர்த்தே சொன்னேன். வெகுநேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப எனக்குத்தான் மனசு இல்லன்னு நெனச்சுட்டேனே சார்” என்றார். மன்னித்துவிட்டேன் என்றோ பரவாயில்லை என்றோ அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறைக்காமல் தின்ற ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். 1863ல் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்ற ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விட்டுத் தான் இளைத்ததைச் சிறு புத்தகமாக அச்சிட்டார். மாவுச்சத்தைக் குறைக்கும் வழியை ஐரோப்பாவில் பரப்பியது அந்தப் புத்தகம். எனக்கு அதில் பிடித்தது, காலை இது, மாலை இது என்று வேளைவாரியாக அவர் எழுதி வைத்திருப்பது. வாட்டிய ரொட்டித் துண்டும் ஒயினும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. தனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டதை அவர் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டார்.

இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரில் வருடத்துக்கான சலுகை நாட்களை மனைவி சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறாள். தைப்பொங்கல், பங்குனிப் பொங்கல், தீபாவளி, குலசாமி கும்பிடு, நெருங்கிய சொந்தத்தில் விசேஷம் வந்தால் அது. பேனா அவளிடம் இருக்கிறது. என்ன தின்பது, எவ்வளவு என்பது முந்தின வாரமே பேசியாக வேண்டும். அன்றைக்கும் முதலில் கறி, முட்டை, காய். சோறும் இனிப்பும் கடைசியில். அப்படித் தின்றால் ஏற்றம் குறைவாக இருக்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, என் மெஷினும் காட்டுகிறது. சாப்பிட்டதும் அரை மணி நடை. மெஷின் எதைக் காட்டினாலும் நோட்டில் ஏறும். மிச்சம் வீட்டில் தங்கக் கூடாது. இந்த நாளை விட்டால் அந்த நாளைக்குச் சேர்த்துக்கொள்வது என்ற கணக்கே கிடையாது. என்னை விழவைத்தது அந்தக் கணக்குதான். கட்டாய உபவாசம்போல வருடம் முழுக்க ஒன்றையும் தொடாமல் இருந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்படி இருக்க முடிந்தவர்கள் இருக்கட்டும். எங்கள் ஊரில் சாமிக்குப் பொங்கல் வைத்துவிட்டு அதைத் தொடாமல் வருவது பெரும்பாலானவர்களால் முடியாது. முடியாததைக் கேட்டால் பின்கட்டில் உட்கார்ந்து தின்பார்கள்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே கணக்கு ஆகாது. பல நாள் மாவுச்சத்து இல்லாமல் இருந்த உடம்பு திடீரென்று வருவதைச் சமாளிக்கக் கொஞ்சம் தடுமாறும். அதனால்தான் குளுக்கோஸ் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் நாளொன்றுக்கு 150 கிராமாவது மாவுச்சத்து தின்றுவிட்டு வரச் சொல்கிறார்கள். கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுகிறவர்கள் மாவுச்சத்தை அடியோடு விட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு, அப்போது மெஷினில் சர்க்கரை அதிகமாகக் காட்டாமலும் இருக்கலாம். விருந்துக்கென்று கூட ஒரு மாத்திரையை யாரும் போட வேண்டாம். அந்த நள்ளிரவை நான் பார்த்துவிட்டேன்.

அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் காரியாபட்டி, நரிக்குடிப் பக்கமும் என் பேச்சைக் கேட்டு இந்த உணவுக்கு மாறியவர்கள் இருக்கிறீர்கள். நடுவில் ஒரு விசேஷத்தில் தின்றுவிட்டு, வாத்தியாரால் முடிகிறது நம்மால் முடியவில்லையே என்று விட்டவர்களும் இருப்பீர்கள். வாத்தியாராலும் முடியவில்லை. மாத்திரையை நிறுத்தியிருந்தால் நாளைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், செருப்பைக் கழற்றிப் பாதத்தையும் காட்டுங்கள். அடுத்த விசேஷ நாளை வீட்டில் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம். 268ஐயும் இப்போது அதில் எழுதியிருக்கிறேன்.